அடங்க மாட்டேன்னு துருக்கியில எப்படி சொல்றாங்க, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நான் இஸ்தான்புல்ல மாஸ்டர்ஸ் படிச்சப்ப ஒரு வயசான அம்மா வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தேன். தெய்ஸேன்னு கூப்பிடுவேன், நம்ம சித்தி, பெரியம்மா மாதிரி. ஒரு நாள் அவங்க பேரன் சூப் குடிக்க மாட்டேன்னு அடம்பிடிக்க, அவங்க போட்ட சத்தம் "பனா கஃபா துத்மா!" கஃபான்னா தலை, துத்மான்னா பிடிக்காத. தலைய பிடிக்காதன்னா என்னன்னு முழிச்சேன், அப்புறம்தான் புரிஞ்சுது, என்னை எதுத்து நிக்காதன்னு அர்த்தம். எங்கம்மா "என்னையே எதுத்துப் பேசுறியா"ன்னு கேக்குற அதே தொனி.

அதுல இருந்து இந்த மாதிரி வார்த்தை எது காதுல விழுந்தாலும் நோட்டுல எழுதி வச்சேன். பாஷ் கால்டிர்மாக், தலைய தூக்குறது, அதாவது கலகம் பண்றது. திக்பாஷ்லி, தலை நெட்டுக்குத்தா நிக்குறவன், சொன்னா கேக்காதவன். அயக்லன்மான்னா கிளர்ச்சி, அதுக்குள்ள அயக் இருக்கு, கால். எல்லாமே உடம்புல இருக்குங்க. இங்கிலீஷ்ல டிஸ்ஒபீடியன்ஸ், இன்சபார்டினேஷன் எல்லாம் மேல உக்காந்திருக்கறவர் கீழ பாத்து எழுதுற வார்த்தை, எதுத்து நிக்குறதுக்கான டிஃபைங்கற வார்த்தை கூட பழைய பிரெஞ்சுல கொடுத்த விசுவாசத்தை விட்டுடறதுன்னுதான் ஆரம்பிச்சுது. துருக்கியில எதுத்து நிக்குறவன் எப்படி நிக்குறான்னு பாக்குறாங்க. எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா பட்டுது.

ஒண்ணு மட்டும் உடம்புல இல்ல, அண்டாவுல இருக்கு. கஸான் கால்டிர்மாக், அண்டாவ தூக்குறது. ஒட்டோமான் சுல்தானோட ஜானிசரி படைக்கு சோத்து அண்டா தான் மானம் மரியாதை எல்லாம், அவங்க ஒவ்வொரு பிரிவோட தளபதிக்கும் பட்டமே சோர்பாஜி, சூப்புக்காரர். சுல்தான் மேல கோவம் வந்தா அண்டாவ தூக்கிட்டு வந்து கவுத்துடுவாங்க, உன் சோறு வேணாம், இனிமே நீ எங்க எஜமான் இல்லன்னு. 1826-ல ரெண்டாம் மஹ்மூத் அந்தப் படையையே அழிச்சுட்டார், ஆனா வார்த்தை இன்னும் உயிரோட இருக்கு, ஆபீஸ்ல சம்பளத்துக்கு சண்டை போட்டா கூட அண்டாவ தூக்கிட்டாங்கன்னு தான் சொல்வாங்க.

அப்புறம் சாபுல்ஜு. சூறையாடுறவன்னு அர்த்தம். 2013-ல இஸ்தான்புல்ல தக்சிம் சதுக்கத்து பக்கத்துல கெஸி பூங்கா மரங்கள வெட்டி பழைய ராணுவ பாரக்ஸ் மாதிரி கட்டடம் கட்டப் போறாங்கன்னு கூட்டம் கூடுச்சு, அப்போ பிரதமரா இருந்த எர்டோவான் அவங்கள நாலஞ்சு சாபுல்ஜுன்னு திட்டினார். மறுநாளே எல்லாரும் ஆமா நான் சாபுல்ஜுதான்னு எழுதி ஒட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இங்கிலீஷ் ஐஎன்ஜி-ய சேத்து சாபுலிங்னு புது வினைச்சொல்லே பண்ணிட்டாங்க, உரிமைக்கு நிக்குறதுன்னு அர்த்தம் மாறிப் போச்சு. மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கியே நானும் சாபுல்ஜுன்னு வீடியோ அனுப்பினார். நான் போறதுக்கு முன்னாடி நடந்தது இது, ஆனா தெய்ஸே பீரோவுல அந்த வார்த்தை எழுதின ஒரு டீஷர்ட் மடிச்சு வச்சிருந்தாங்க, எடுத்துக் காட்டினப்ப அவங்க முகத்தப் பாக்கணுமே. உங்களுக்கும் இப்படி ஏதாவது வார்த்தை மாட்டியிருந்தா எழுதுங்க.

---

சகோதரி, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா இங்கிலீஷ்லயும் ஸ்டாண்ட் அப்னு இருக்கே, அதுவும் உடம்பு தானே? நான் கப்பல்ல எஞ்சினியர். ஸ்ட்ரைக்ங்கற வார்த்தைய எங்க ஆளுங்க தான் கொடுத்தாங்க, 1768-ல லண்டன்ல கூலி கேட்டு மாலுமிங்க பாய்மரத்துல இருந்து பாய இறக்கிட்டாங்க, பாய இறக்குறதுக்கு அவங்க பாஷையில ஸ்ட்ரைக். அங்க அண்டாவ தூக்குனாங்க, இங்க பாய இறக்குனாங்க.

ஆனா நீங்க சொல்ற மேல இருந்து பாக்குற வார்த்தை எனக்கு வலிச்ச வார்த்தை. ஒரு தடவ கேஸ் செக் பண்ணாம டேங்க்குள்ள இறங்கச் சொன்னாங்க, ஆக்சிஜன் ரீடிங் சாதாரண காத்துல இருக்குற 20.9 சதவீதம் காட்டாம இறங்க மாட்டேன்னுட்டேன். லாஃபுல் கமாண்டுக்கு டிஸ்ஒபீடியன்ஸ், அதாவது சட்டப்படியான உத்தரவ மீறிட்டான்னு லாக்புக்ல எழுதிடுவேன்னு மிரட்டினாங்க. ஒரு மனுஷன் உயிருக்கு பயந்து நின்னதுக்கு அந்த புக்குல வேற வார்த்தையே கிடையாது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு.

அடுத்த மாசம் இஸ்தான்புல் பக்கத்து துஸ்லா கப்பல் யார்டுல டிரை டாக், கப்பல தண்ணிய விட்டு எடுத்து ரிப்பேர் பண்றது. அங்க ஒரு துருக்கி ஃபிட்டர், தமிழ் தெரியாது, இங்கிலீஷும் பாதி தான், எங்க பசங்க சொல்லி கேள்விப்பட்டு என்கிட்ட வந்து தோள்ல தட்டி "போயுன் எய்மெமிஷ்சின்"ன்னார். கழுத்தக் குனியலயாமே நீன்னு அர்த்தம். அந்த மிஷ் இருக்கே, அது நம்ம "வந்தானாம்", "சொன்னானாம்"ல வர்ற ஆம் மாதிரி, கண்ணால பாக்கல, கேள்விப்பட்டேன்னு. இங்கிலீஷ்ல இத ஒரே வார்த்தையில சொல்லவே முடியாது. லாக்புக்ல எழுத வேண்டியது அது தான்னு எனக்குத் தோணுச்சு.

---

அண்ணா, ஸ்டாண்ட் அப் விஷயத்துல நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன். ஆனா சட்டத்துல, லாக்புக்ல, மெமோவுல ஸ்டாண்ட் அப் வராதே, அங்க எழுதறவங்க வார்த்தை தான வரும். அந்த ஃபிட்டர் சொன்னத என் நோட்டுல எழுதிக்கறேன்.

---

நான் ஒண்ணே ஒண்ணு சேக்கறேன் அக்கா. துருக்கியோட தெற்குல சிரியா எல்லை பக்கத்துல இருக்குற அந்தாக்யாவுல வேலை விஷயமா கொஞ்ச நாள் இருந்தேன், 2023 பூகம்பத்துக்கு ரொம்ப முன்னாடி. ஊருக்கு நடுவுல ஓடுற ஆத்துக்கு பேரு ஆசி. அரபியில இருந்து வந்த வார்த்தை, கலகக்காரன், சொல்பேச்சு கேக்காதவன்னு அர்த்தம். ஏன் ஆத்துக்கு போயி இந்தப் பேருன்னு டீக்கடைக்காரர்ட்ட கேட்டேன், அவர் கையால தெற்க காட்டி அப்புறம் வடக்க காட்டினார், இந்தப் பக்கத்து மத்த ஆறெல்லாம் தெற்க போகும், இது மட்டும் லெபனான்ல பொறந்து சிரியா வழியா வடக்கு நோக்கி ஏறி வருதுன்னார். எங்க ஆச்சி ஆறு வடக்கு நோக்கி ஓடுற இடத்துல முழுகினா புண்ணியம், உத்தரவாகினின்னு சொல்லி என்னை இழுத்துட்டுப் போவாங்க. நான் அன்னைக்கு பாலத்துல நின்னு அவங்களத்தான் நெனச்சுட்டிருந்தேன், டீ ஆறிப் போனது கூட தெரியல.