மாடு குறுக்கே படுத்ததற்கு என் போனஸை ஏன் வெட்டினார்கள்?

மாங்குளத்தான்:
கனகராயன்குளத்துக்குக் கிட்ட, இரவு எட்டு மணி. பகல் வெயில் குடித்த தார் ரோட்டில் மாடுகள் சூட்டுக்குப் படுத்துக் கிடந்தன. எதிரே வந்த லொறியின் வெளிச்சத்தில் கண் கூசி, நான் கண்டது ஒரு கொம்பை மட்டும்தான். பம்பர், இடப்பக்க லைட், ரேடியேட்டர் மூன்றும் போய்விட்டன. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தபடியால் கிளெய்ம் பண்ணினேன். 2,80,000 ரூபா தந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வருடம் புதுப்பிக்கப் போனால், ஐந்து வருடமாய்ச் சேர்த்த 40 வீத நோ கிளெய்ம் போனஸ் முழுதாய்ப் போயிற்று. 62,000 கட்டியவன் இப்போது 1,03,000 கட்ட வேண்டும். இத்தனை வருட ஓட்டத்தில் ஒரு தண்டப் பத்திரம்கூட வாங்கியதில்லை. அதை யாரும் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தார்கள். இது நியாயமா?

பரந்தன் கணக்கன்:
கோபிக்காதேங்கோ அண்ணை, நியாயம்தான். அது நல்லாய் ஓடியதற்கான பரிசு இல்லை. காசு கேட்காமல் இருந்ததற்கான கழிவு. நீங்கள் எப்படி ஓடினாலும் அந்த 2,80,000 மற்றவர்கள் கட்டிய காசிலிருந்துதான் வந்தது. தேர்ட் பார்ட்டி, அதாவது மற்றவருக்கு வரும் சேதத்துக்கு மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, வாகன வகைக்கு ஒரு விலை. ஆனால் மாட்டில் முட்டினால் பம்பருக்கு ஒரு சதமும் கிடைக்காது.

ரொறன்ரோ மருமகன்:
ஒன்ராறியோவில் இதே மாதிரி மானில் முட்டினால் உங்கள் பிழையாக எழுத மாட்டார்கள். அது காம்பிரிஹென்சிவ் என்ற, உங்கள் பிழையில்லாத சேதங்களுக்கான பகுதியில் போகும். மானுக்கு விலகி மரத்தில் மோதினால்தான் பிழை உங்கள் தலையில் விழும். இங்கே விலையை ஏற்றுவது வேறு: வேகத்துக்கு டிக்கெட் வாங்கிக் குற்றம் உறுதியானால், கம்பனி வழக்கமாக மூன்று வருடம் அதைப் பார்க்கும். குற்றத்துக்கு லைசன்ஸில் விழும் டிமெரிட் புள்ளிதான் விலையை ஏற்றுகிறது என்று எங்கள் ஆட்கள் பலரும் நினைக்கிறார்கள். புள்ளி லைசன்ஸ் பறிப்பதற்கு. விலையை ஏற்றுவது குற்றப் பதிவு. அங்கேயும் ஓட்டத்தைப் பார்த்து விலை போட்டால் மாங்குளத்தாருக்கு இந்த அநியாயம் நடந்திராது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். காலையில் முல்லைத்தீவு ரோட்டில், பிள்ளைகள் சைக்கிளில் போகும் நேரம், என்னை முந்திப் பறக்கிற வான்காரர் இருக்கிறார். மாதத்தில் ஒருமுறையாவது பொலிஸ் மறிப்பதைக் காண்கிறேன். லைசன்ஸைக் கொடுத்து, தபால் கந்தோரில் தண்டம் கட்டி, திரும்ப வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் போகிறார். இன்சூரன்ஸ்காரர் அவரிடமும் என்னிடமும் கேட்பது ஒரே கேள்வி: வாகனத்தின் பெறுமதி என்ன, போன வருடம் கிளெய்ம் இருந்ததா? நெளிவு விழுந்தால் அவர் சொந்தக் கராஜில் தட்டி எடுத்துவிடுவார். பதிவில் அவர் தங்கமான சாரதி!

முறிகண்டி முதியவர்:
பதிவு, பதிவு என்கிறீர்கள். எந்தப் பதிவு, தங்கச்சி? 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவன் நான். அந்தப் புகை இப்பவும் மூக்கில் நிற்கிறது. 2002இல் ஏ9 ரோடு திறந்தது, 2006இல் பூட்டியது, 2009இல் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் முகாமுக்குப் போனோம். இப்போதுள்ள லைசன்ஸ் அதற்குப் பிறகு எடுத்தது. ஓட்டப் பதிவைப் பார்த்து விலை போடுகிற முறை இங்கே வந்தால், நான் நேற்றுப் பழகினவன் என்றுதான் விலை போடுவார்கள். தண்டப் பதிவையும் கம்பனிக்குக் கொடுங்கள், அப்போது மறிக்கிற இடத்திலேயே பேசி முடிக்கிற விலைதான் ஏறும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
ஐயா, உங்கள் வேதனை விளங்குகிறது. அதற்காக வான்காரரை விட்டுவிடச் சொல்கிறீர்களா? இன்றைக்குத் தொடங்கினால் இன்றிலிருந்து கணக்கு. பழையதைக் கேட்கத் தேவையில்லை.

முறிகண்டி முதியவர்:
விடச் சொல்லவில்லை. அவரைப் பிடிப்பது பொலிஸின் வேலை, இன்சூரன்ஸ்காரரின் வேலை இல்லை.

பரந்தன் கணக்கன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ, மாங்குளத்தாரின் கணக்கைப் பார்ப்போம். போனஸ் வருடத்துக்கு 8 வீதமாக ஏறி ஐந்து வருடத்தில் பழைய 40க்கு வருகிறது என்று வைத்தால், மொத்த இழப்பு ஏறத்தாழ 1,24,000. கிடைத்தது 2,80,000. ஆக, கிளெய்ம் பண்ணியது சரி. முட்டாள்தனம் எது தெரியுமா? 15,000 ரூபாக் கண்ணாடிக்கு கிளெய்ம் போட்டு 40 வீதத்தை இழப்பது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் செய்தார், இன்றைக்கும் கம்பனியைத் திட்டுகிறார். இன்னொன்று, பிழை மற்றவருடையது என்று காட்டி முழுக் காசையும் அவரிடமிருந்து மீட்டால் போனஸைத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. உங்கள் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாட்டின் சொந்தக்காரரைக் காட்டும் குறி சுட்டிருந்ததா?

மாங்குளத்தான்:
இருந்தது. பின் தொடையில் தெளிவாய் இரண்டு எழுத்து. சேதத்தை மதிப்பிடும் அசெசர் வந்து பம்பரை எட்டுப் படம் எடுத்தார், மாட்டின் பக்கம் திரும்பவே இல்லை. விடிய நான் போய்ப் பார்த்தபோது மாடும் இல்லை. ரோட்டில் சாணியும் கண்ணாடித் துண்டும்தான் கிடந்தன.

ரொறன்ரோ மருமகன்:
இரண்டு எழுத்தையும் இங்கே போடுங்கோ அண்ணை. கனகராயன்குளத்து ஆட்கள் எப்படியும் வாசிப்பார்கள்.

மாங்குளத்தான்:
போட மாட்டேன். அடுத்த கிழமையும் அந்த ரோட்டால்தான் போக வேண்டும்.