வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய், எந்த விதை தாங்குகிறது?

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மொட்டைமாடியில் பைகளில் வெண்டை போட்டிருக்கிறேன். செடி முழங்கால் உயரம் வந்து பூ விடுகிற நேரத்தில் துளிர் இலையின் நரம்புகள் மட்டும் பளிச்சென்று மஞ்சளாகி, அப்புறம் இலை முழுக்க வெளுத்து, காயும் வெளிறி நார் பாய்ந்துவிடுகிறது. இலையைத் திருப்பினால் வெள்ளை ஈ. அது பரப்புகிற வைரஸ்தான் இது, வந்த செடிக்கு மருந்தில்லை என்பதால் பிடுங்கிவிட்டேன். மற்றவற்றுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு சாயங்காலத்தில் அடிக்கிறேன். ஈ குறைகிறது, நோய் நிற்கவில்லை.

மண்ணை மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் இது மண்வழி பரவும் நோய் இல்லையே, நல்ல மண்ணைக் கொட்ட மனசு வரவில்லை.

இந்த நோயைத் தாங்கும் என்று சொல்லப்படும் அர்கா அனாமிகா வெண்டை ரகம் இப்போதும் உங்கள் பக்கம் தாங்குகிறதா? நாட்டு ரகத்தில் நோயில்லாமல் காய் பறித்தவர்கள் யாராவது இருந்தால் ரகத்தின் பெயர், விதைத்த மாதம், எந்த ஊர் என்று மூன்றையும் சொல்லுங்கள். பூச்சிவலை போட்டவர்கள் எத்தனை நாள் செடிவரை மூடி வைத்தீர்கள்? ஆடியில் மறுபடி விதைக்கணும், அதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.