லண்டன் மச்சாளுக்கு "டூ ஸ்டோன்" போயிட்டுதாம், இது என்ன கல்?

வாவிக்கரையான் (கல்லடி):
லண்டனில் இருக்கிற மச்சாள் வாட்ஸ்அப்பில் "லொஸ்ட் டூ ஸ்டோன் சின்ஸ் ஜனவரி" என்று போட்டிருந்தா. போன வருடம் அவவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்தது, அதனால் "இரண்டு கல்லும் போயிட்டுதாம்" என்று பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ உடனே நேர்த்தித் தேங்காய் உடைக்க மாமாங்கக் கோயிலுக்குப் போயிட்டா. இப்போது மச்சாளிடம் ஒப்பரேஷன் எப்படி என்று கேட்டால், "என்ன ஒப்பரேஷன்?" என்கிறா. ஸ்டோன் என்றால் கல்தானே?

பழைய லண்டன்காரன்:
தம்பி, அது நிறை. ஒரு ஸ்டோன் 14 இறாத்தல் (பவுண்ட்), கிலோவில் 6.35. மச்சாள் 12.7 கிலோ மெலிந்திருக்கிறா, வாழ்த்துச் சொல்லுங்கள். நிறையைச் சொல்லும்போது பெரும்பாலும் கடைசியில் 'ஸ்' வராது, பித்தக்கல் என்றால் டூ ஸ்டோன்ஸ் என்று எழுதியிருப்பா. அங்கே கூட வேலை செய்தவனிடம் நிறை கேட்டால் "லெவன் ஸ்டோன் ஃபோர்" என்பான். பதினொன்றைப் பதினாலால் பெருக்கி, நாலைக் கூட்டி, 158 இறாத்தல் என்று பிடித்து, அதைக் கிலோவாக்குவதற்குள் அவன் தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவான். தராசில் கல்லை வைத்து நிறுத்த காலத்தின் மிச்சம் அது. முன்பு பொருளுக்குப் பொருள் மாறும், லண்டனில் இறைச்சிக்கு 8 இறாத்தலே ஒரு ஸ்டோன். 1835 இல் சட்டம் போட்டுத்தான் 14 ஆக்கினார்கள். 1985 சட்டத்தோடு வியாபாரத்தில் அந்த அளவு இல்லை, ஆனால் வீட்டுத் தராசில் ஏறினால் இன்றைக்கும் பலருக்கு ஸ்டோன்தான்.

கணக்கு டீச்சர் (கல்முனை):
மச்சாளின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஸ்டோன் என்று இல்லாமல் கல்குலஸ் என்று அடித்திருக்கவும் கூடும், கணக்கிலும் அதே பெயரில் ஒரு பாடம் உண்டு. என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்று தகப்பனின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "டீச்சர், அப்பாட கிட்னிக்குள்ள கணக்குப் பாடம் இருக்காம்" என்றது. சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! லத்தீனில் கல்குலஸ் என்றால் சின்னக் கல். ரோமர் கூழாங்கல்லை நகர்த்தி எண்ணினார்கள், கல்குலேட்டர் என்ற சொல்லும் அதில் வந்ததுதான்.

மாங்கொட்டை:
போனில் மொழிபெயர்த்த சமையல் குறிப்பு ஒன்று "மாம்பழத்தின் கல்லை அகற்றவும்" என்றது, அரிசியில் பொறுக்குகிற மாதிரி மாம்பழத்திலும் பொறுக்க வேண்டுமோ என்று பார்த்தேன். மா, பீச், பிளம் எதுவானாலும் உள்ளே இருக்கிற கொட்டை அவர்களுக்கு ஸ்டோன். இன்னொன்று, கவனம். பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்கிற எங்கட பொடியன் ஒருத்தன், பயத்தில் கல்லாய் நின்றேன் என்பதற்கு வெள்ளைக்காரரிடம் "ஐ வோஸ் ஸ்டோன்ட்" என்று சொல்லிவிட்டான். கஞ்சா போதையில் இருந்தேன் என்று அர்த்தம்! அவர் சிரித்துக்கொண்டே, எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம்.

வாவிக்கரையான் (கல்லடி):
எல்லோருக்கும் நன்றி. பெரியம்மாவிடம் விளங்கப்படுத்தினேன். உடைத்த தேங்காய்க்கு அவ கவலைப்படவில்லை. "பன்ரெண்டு கிலோவா? அங்க சோறு தாறாங்க இல்லையா?" என்று கேட்டுவிட்டு, மச்சாளுக்கு அனுப்பக் கருவாடும் அரிசிமாவும் கட்டிக்கொண்டு இருக்கிறா. பார்சல் எத்தனை ஸ்டோன் வரும் என்று இனி நான்தான் பார்க்க வேண்டும்.