எல்எம்358 எடத்துல டிஎல்072 போட்டா அவுட்புட் மேலயே ஒட்டிக்கிட்டு நிக்குது, ஏன்?

குட்டிசர்க்யூட்:
வணக்கம் மக்களே. பேட்டரி கரண்ட் அளக்குற சின்ன போர்டு ஒண்ணு, 5 வோல்ட் சிங்கிள் சப்ளை, கிரவுண்ட் பக்கம் 0.1 ஓம் ஷன்ட் (கரண்ட் போறப்ப வர்ற வோல்டேஜ அளக்குற சின்ன ரெசிஸ்டர்), எல்எம்358ல (ரெண்டு ஓப் ஆம்ப், அதாவது சிக்னல பெருக்குற சர்க்யூட், உள்ள இருக்குற ஐசி) ஒரு பாதி கெயின் 16 வெச்சு (16 மடங்கா பெருக்கி) ஏடிசிக்கு (வோல்டேஜ எண்ணா மாத்துற பகுதி) குடுக்குது, இன்னொரு பாதி கம்பேரேட்டர் (ரெண்டு வோல்டேஜ்ல எது பெருசுன்னு பாக்குறது) மாதிரி வேல செஞ்சு 2 ஆம்பியர் தாண்டினா ரிலேவ கட் பண்ணும். ஐசி போயிடுச்சு. கைல டிஎல்072ன்னு இன்னொரு ரெட்ட ஓப் ஆம்ப் இருந்துச்சு, எட்டு பின்னும் அப்டியே ஒத்துப்போகுது, ஸ்பீடு ஜாஸ்தி, நாய்ஸ் கம்மி, சரின்னு சாக்கெட்ல போட்டா லோடே இல்லாதப்பவும் 3.8 வோல்ட் கிட்ட நிக்குது. ஐசி டெட்டா?

ஷன்ட்டுராசா:
ஐசி நல்லாத்தான் இருக்கும் ப்ரோ. உங்க இன்புட் கிரவுண்ட்லேர்ந்து வெறும் 0 முதல் 200 மில்லிவோல்ட். எல்எம்358 கிரவுண்ட் வரைக்கும் இன்புட்ட பாக்கும், அதோட காமன் மோட் ரேஞ்சே (இன்புட் ஒழுங்கா வேல செய்யுற வோல்டேஜ் எல்லை) அங்கதான் ஆரம்பிக்குது. டிஎல்072க்கு நெகட்டிவ் சப்ளைக்கு மேல சில வோல்ட் தள்ளி இருந்தாத்தான் ஒழுங்கா வேல செய்யும், அதுக்குக் கீழ போனா அவுட்புட் மேல பாய்ஞ்சு நின்னுக்கும், நீங்க பாக்குறது அதான். இது போக பழைய டிஎல்072க்கு மொத்தமா 10 வோல்ட்டாவது வேணும்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்கு, நீங்க குடுக்குறது அதுல பாதி.

ஆடியோகிறுக்கன்:
நான் டிஎல்072வ 5 வோல்ட்ல ஓட்டிருக்கேனே, பாட்டு நல்லாவே வந்துச்சு

ஷன்ட்டுராசா:
@ஆடியோகிறுக்கன் உங்க இன்புட்ட ரெண்டு ரெசிஸ்டர் வெச்சு 2.5 வோல்ட்டுக்கு தூக்கி விட்டிருப்பீங்க, சிக்னல் நடுவுல ஆடுறதால தப்பிச்சுது, அதுவும் கேரண்டி இல்ல. இங்க அளக்க வேண்டியதே பூஜ்யம் பக்கம். புதுசா எச் போட்டு வர்ற டிஎல்072எச் 4.5 வோல்ட்லேயே ஓடும், ஆனா அதுவும் கிரவுண்ட பாக்காது, அதனால இவருக்கு உதவாது.

குட்டிசர்க்யூட்:
ஓ அப்டியா. என்இ5532 ஒண்ணு கெடக்கு, அது?

பழையடேட்டாஷீட்:
வேணாம் தம்பி. அதுவும் கிரவுண்ட் வரைக்கும் பாக்காது. உங்க கேஸ்ல இன்னொரு வில்லங்கமும் இருக்கு, அதோட ரெண்டு இன்புட்டுக்கும் நடுவுல எதிரும் புதிருமா டையோடு இருக்கு, ஃபீட்பேக் இருக்குற ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு இன்புட்டும் ஒண்ணாவே நகர்றதால அது கண்ணுலயே படாது, கம்பேரேட்டரா போட்டீங்கன்னா ஒரு பக்கம் 2 ஆம்பியருக்கான 3.2 வோல்ட் ரெஃபரன்ஸ் (ஒப்பிட்டுப் பாக்குற வோல்டேஜ்), மறுபக்கம் பூஜ்யம், டையோடு கண்டக்ட் ஆகி ரெஃபரன்ஸையே கீழ இழுத்துடும், அப்புறம் ரிலே எப்ப விழும்னு யாருக்கும் தெரியாது.
பின் ஒத்துப்போறது இங்க ஒரு தகுதியே இல்ல, ரெட்ட ஓப் ஆம்ப்ல முக்காவாசி அதே பின்தான். ஸ்பீடும் நாய்ஸும் உங்க சர்க்யூட்டுக்கு தேவையே இல்ல. இந்த சர்க்யூட் எல்எம்358 கிட்ட வாங்குற வேல மூணுதான்: 5 வோல்ட்ல ஓடணும், இன்புட் கிரவுண்ட தொடணும், அவுட்புட்டும் கிரவுண்ட் பக்கம் எறங்கணும். எல்எம்2904 கெடச்சா கண்ண மூடிட்டு போடுங்க, ஏறக்கொறைய அதே ஆளு, டெம்பரேச்சர் ரேஞ்ச்தான் அகலம்.

ஷன்ட்டுராசா:
எம்சிபி6002ம் ஓகே, இன்புட் அவுட்புட் ரெண்டுமே ரயில்-டு-ரயில் (கிரவுண்ட்லேர்ந்து சப்ளை வரைக்கும் கிட்டத்தட்ட முழுசா போகும்), எல்எம்358 மேல 3.5 வோல்ட்லயே நின்னுடும், இது கிட்டத்தட்ட 5 வரைக்கும் போகும். ஒண்ணே ஒண்ணு, அது 6 வோல்ட் வரைக்கும்தான், 12 வோல்ட் போர்டுல இருக்குற எல்எம்358 எடத்துல போட்டா அன்னிக்கே புகைதான்.

குட்டிசர்க்யூட்:
எம்சிபி6002 போட்டாச்சு, ஓடுது! ரிலேவும் சரியா விழுது. ஆனா லோடு இல்லாம 40 மில்லிவோல்ட் காட்டுது, கோட்ல கழிச்சுடவா?

பழையடேட்டாஷீட்:
கழிச்சுக்கோங்க, அது ஆஃப்செட், அதாவது ஐசியோட இன்புட்லயே இருக்குற சின்ன பிழை. இந்த ஐசிக்கு 4.5 மில்லிவோல்ட் வரைக்கும் இருக்கலாம், கெயின் 16ல 72 வரைக்கும் வரும், கரண்ட் கணக்குல 45 மில்லிஆம்பியர். உங்களுக்கு ப்ளஸ்ல வந்தது அதிர்ஷ்டம். மைனஸ்ல வந்திருந்தா அவுட்புட் பூஜ்யத்துலயே படுத்துட்டு சின்ன கரண்ட் எதுவும் தெரியாது, அத கோட்ல கழிச்சும் சரி பண்ண முடியாது, ஷன்ட் பக்கம் ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா இன்புட்ட கொஞ்சூண்டு தூக்கி விடணும். அடுத்த தடவ ஐசி மாத்தினா அந்த 40ஐயும் புதுசா அளந்து போடுங்க, ஒவ்வொரு பீஸுக்கும் மாறும்.