எல்லாரும் ஸ்லோ என்கிறீர்கள், எனக்கு மட்டும் கோர்ட் தலைதெறிக்க ஓடுகிறதே?

தட்டச்சு அக்கா (கே.கே.நகர், மதுரை)

இந்தி வெப் தொடர் 'கிரிமினல் ஜஸ்டிஸ்' நாலாவது சீசனின் முதல் மூன்று எபிசோடையும் வந்த அன்றைக்கே, 2025 மே 29 ராத்திரி, ஒரே மூச்சில் பார்த்துவிட்டேன். மகள் தமிழுக்கு மாற்றி வைத்துக் கொடுத்தாள். மறுநாள் இங்கே வந்தால் ஆளாளுக்கு "இழுவை", "ஜவ்வு", "ரெண்டு மணி நேரத்துல முடிக்கிற கதை" என்று போட்டிருக்கிறீர்கள். டாக்டர், செத்துப்போன நர்ஸ், டாக்டரின் மனைவி என்று வீட்டுக்குள் நடப்பதை மெதுவாகக் காட்டுகிறார்கள்தான். அது எனக்கு உறுத்தவில்லை. முந்தைய சீசன்களும் பார்த்தவள் நான், எனக்கு உறுத்துவது வேறு.

இந்தத் தொடர் என்றில்லை, எந்தக் கோர்ட் தொடரை எடுத்தாலும் யாரும் டைப்பிஸ்டுக்காக நிற்பதே இல்லையே, ஏன்?

மதுரை ஜில்லாவில் 31 வருஷம் கோர்ட் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிவி கோர்ட்டில் வக்கீல் கேட்கிறார், சாட்சி சொல்கிறார், சொல்லி முடிக்கும் முன்னால் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வியில் சாட்சி உடைந்து அழுகிறார். நம்ம ஊரில் சாட்சி ஒரு வாக்கியம் சொன்னதும் எல்லாம் நின்றுவிடும். ஜட்ஜ் அதை மனசுக்குள் சீர் செய்து, எழுத்துத் தமிழாக்கி, எனக்குச் சொல்வார். நான் அடிப்பேன். "ஆச்சாம்மா?" என்பார். "ஆச்சுங்கய்யா" என்ற பிறகுதான் வக்கீல் வாயைத் திறக்க முடியும். எப்பேர்ப்பட்ட வக்கீலும் என் மிஷினுக்கு முன்னால் நடையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். சாட்சியை மிரட்டச் சேர்த்து வைத்த சூடெல்லாம் அந்த இடைவெளியில் ஆறிப்போகும். அதற்குள் சாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்து, நன்றாக யோசித்தும் விடுவார்.

அதோடு, கேள்வி பதிலாக நாங்கள் அடிப்பதில்லை. செஷன்ஸ் விசாரணையில் சாட்சியத்தைப் பொதுவாக விவரித்துச் சொல்லும் பாணியில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 276ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதுச் சட்டத்திலும் அதேதான். அதனால் குறுக்கு விசாரணையில் வக்கீல் மேசையைத் தட்டி "நீ பொய் சாட்சி சொல்ற!" என்று கூரை அதிரக் கத்தினாலும், தாளில் வருவது, "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." அவ்வளவுதான். கூரை அதிர்ந்ததெல்லாம் தாளில் ஏறாது. அந்தச் "சரியல்ல"வை எத்தனை ஆயிரம் தடவை அடித்தேனோ, இப்போதும் தொடரில் வக்கீல் குரலை உயர்த்தினால் சோபாக் கையில் என் விரல் தானாகத் தட்டுகிறது.

உங்களில் யாருக்காவது இப்படித் தோன்றியதா, இல்லை இது என் தொழில் கோளாறா? கோர்ட் படி ஏறியவர்கள் சொல்லுங்கள். (ஜட்ஜ் மேசையில் சுத்தியல் உண்டா என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். 31 வருஷத்தில் நான் சுத்தியலைப் பார்த்தது மேசையின் காலைச் சரிசெய்ய வந்த ஆசாரி கையில் மட்டும்தான்.)

செல்லூர் வாராவாரம்

அக்கா, டைப்பிஸ்டுக்காக நின்றால் எட்டு எபிசோட் எண்பது ஆகிவிடும். அப்புறம் அதையும் ஜவ்வு என்போம் 😀

எனக்குக் கோபம் வேகத்தில் இல்லை. முதல் நாளே மூன்றைக் கொட்டிவிட்டு, இனி வியாழனுக்கு வியாழன் ஒன்று என்று தொங்கவிட்டதில்தான் கோபம். பசியைக் கிளப்பிவிட்டு இலையைத் தூக்கினால் எப்படி? மற்றபடி வக்கீல் மாதவ் மிஸ்ராவாக வரும் பங்கஜ் திரிபாதிக்காக எதையும் பொறுக்கலாம். அந்த மாதவ் மிஸ்ரா மாதிரி ஃபீஸ் கேட்கக் கூச்சப்படுகிற, ஆனால் காரியத்தில் கெட்டியான வக்கீல் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு கட்சிக்காரரோடு டீ குடித்துக்கொண்டே கேஸைப் பேசி முடிப்பார்.

இன்னொன்று. நம்ம ஊர் கோர்ட் என்றால் கண்ணகி கேஸ்தான். அங்கேயும் டைப்பிஸ்ட் இல்லை, எவ்வளவு விறுவிறுப்பாகப் போனது பாருங்கள்.

தட்டச்சு அக்கா

கண்ணகியை இழுக்காமல் மதுரைக்காரனால் கோர்ட் பேச முடியாதா தம்பி? குற்றம் சாட்டப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு சாட்சியமும் பதிவு செய்யாமல் தண்டனையை நிறைவேற்றிய கேஸ் அது. சான்றுப் பொருளுக்குப் போடுகிற மாதிரி எம்.ஓ. ஒன்று, எம்.ஓ. இரண்டு என்று ரெண்டு சிலம்புக்கும் அட்டை கட்டி, உள்ளே முத்தா மாணிக்கமா என்று முதலிலேயே அடித்து வைத்திருந்தால் ஊர் தப்பித்திருக்கும்.

பெஞ்ச் ஜூனியர்

மேடம், நான் உலகநேரியில் ஹைகோர்ட் பெஞ்சில் பிராக்டிஸ் செய்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்தத் தொடரின் வேர் வெளியூர். முதல் சீசன் 2008இல் பி.பி.சி.யில் வந்த தொடரைத் தழுவியது. லண்டன் கோர்ட்டில் வக்கீல் பேசுவது ஜட்ஜுக்காக மட்டுமில்லை, எதிரே உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களான ஜூரிக்காகவும்தான். அதனால்தான் அங்கே அந்தக் குரல் ஏற்றமும் திரும்பி நின்று பார்ப்பதும். நமக்கு ஜூரி முறை 1973 குற்ற நடைமுறைச் சட்டத்தோடு சுத்தமாகப் போய்விட்டது. யாரை மயக்க இங்கே நடிக்க வேண்டும்? ஜட்ஜ் ஒருவர்தான், அவரும் உங்கள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பக்கம் இன்னொரு கூத்து. கிரிமினல் அப்பீலில் நாங்கள் பெரும்பாலும் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அடித்த தாளைத்தான் பார்க்கிறோம். தீர்ப்பு ஆங்கிலத்தில் என்பதால் அதையும் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு வாதாடுகிறோம். அ.சா.2, அதாவது அரசுத் தரப்பின் ரெண்டாவது சாட்சி, ஒரு இடத்தில் "பார்த்தேன்" என்கிறார், அடுத்த பக்கத்தில் "கேள்விப்பட்டேன்" என்கிறார். அவர் நிஜமாகவே மாற்றிச் சொன்னாரா, மதியத் தூக்கத்தில் யாராவது மாற்றி அடித்தார்களா, கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்து முழு மதியமும் வாதாடியிருக்கிறேன்.

தொடரைப் பற்றி: முதல் மூன்றும் எனக்குப் பிடித்தது. ஸ்லோ என்பவர்கள் ஒருநாள் ஜாமீன் லிஸ்ட் முடியும்வரை கோர்ட் ஹாலில் உட்கார்ந்து பாருங்கள்.

மேலூர் கடைக்காரன்

அம்மா, நான் அந்தத் தொடர் பார்க்கவில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். சாட்சிக் கூண்டு ஏறியவன் என்பதால் சொல்கிறேன்.

2011இல் எங்கள் கடைக்கு எதிரே லாரி ஒன்று டூவீலர்காரரை அடித்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினவன் என்பதால் போலீஸ் என்னைச் சாட்சியாகப் போட்டுவிட்டது. சம்மன் வந்து ஐந்து தடவை கடையை அடைத்துவிட்டு மதுரைக்கு வந்தேன். ஒருநாள் ஜட்ஜ் லீவு, ஒருநாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, ரெண்டு நாள் டிரைவர் வரவில்லை. ஐந்தாவது தடவைதான் கூண்டேற்றினார்கள்.

விபத்து எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். "சாயங்காலக் கரண்ட் கட் முடிஞ்சு லைட் வந்ததும்" என்றேன். அது உண்மை. மணி நான் பார்க்கவில்லை. தாளில் "இரவு சுமார் 7.30 மணிக்கு" என்று ஏறிவிட்டது. அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏழரையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில் 7.20க்கே சேர்த்திருக்கிறார்கள், நீ அங்கே இல்லவே இல்லை" என்றார். நான் ஏழரை என்று சொல்லவே இல்லை என்றேன். அதற்கும் ஏதோ அடித்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன். யாரும் படித்துக் காட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

நீங்கள் எல்லாரும் உங்களுக்காக நின்றார்கள் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்காக யாரும் நிற்கவில்லையே?

தட்டச்சு அக்கா

மேலூர் சார், நேற்று ராத்திரியே இதைப் படித்துவிட்டேன். உடனே எழுத வரவில்லை.

2011இல் நான் விபத்து கேஸ் நடக்கிற கோர்ட்டில் இல்லை. அதைச் சொல்லித் தப்பிக்கவும் இல்லை. சாட்சியத்தை அடித்து முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், தப்பு என்றால் திருத்த வேண்டும், பழைய சட்டத்தில் அதற்குத் தனியாக 278 என்று பிரிவே உண்டு. மணி ஒன்றரை ஆகியிருக்கும், வெளியே இன்னும் மூன்று சாட்சி நிற்கும். "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்" என்ற வரியைப் படித்துக் காட்டாமலே நானும் அடித்திருக்கிறேன். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை.

மணி விஷயமும் நீங்கள் சொன்னபடிதான். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், மகன் வெட்டுப்பட்ட கேஸ். எந்நேரம் என்றதற்கு "மாடு கட்டுற நேரமுங்கய்யா" என்றார். ஜட்ஜ் "அது எத்தனை மணிம்மா?" என்றார். அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அரசு வக்கீல் "ஆறு மணி இருக்குமா?" என்று எடுத்துக் கொடுக்க, அவரும் தலையாட்டினார். தலையாட்டலை மிஷினில் அடிக்க முடியாது, "வாயத் தெறந்து சொல்லும்மா" என்றதும் "ஆமா" என்றார். "மாலை சுமார் 6.00 மணி" என்று அடித்தேன். அது கார்பன் வைத்து மூன்று காப்பி அடித்த காலம். ஒரு எழுத்துத் தப்பினால் மூன்று தாளிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும் என்பதால் யாருக்கும் திருத்தப் பிரியமும் இருக்காது. குறுக்கு விசாரணையில் அந்த ஆறு மணியை வைத்து, அது கார்த்திகை மாசம், ஆறு மணிக்கு இருட்டிவிடும், இருட்டில் எப்படி எதிரியை அடையாளம் தெரிந்தது என்று குடைந்தார்கள். அந்த அம்மா அழுதார். அழுகையும் தானாகத் தாளில் ஏறாது சார். சாட்சியின் நடத்தையைக் குறித்து வைக்க ஜட்ஜுக்கு 280ஆம் பிரிவு இடம் கொடுத்திருந்தது, ஆனால் அவர் சொன்னால்தான் நான் அடிக்க முடியும். அன்றைக்கு அவர் சொல்லவில்லை. விரலை மிஷின் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "ஆச்சாம்மா?" என்றார். ஆச்சு என்றேன்.

பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து, வானவில் எழுத்துருவில் அழித்து அழித்துத் திருத்த வசதி வந்த பிறகு, வேறொரு ஜட்ஜ் இதே மாதிரி இடத்தில் "மணி போடாதம்மா, 'விளக்கு வைக்கிற நேரம்' அப்படின்னே போடு" என்றார். அப்படியும் செய்யலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெஞ்ச் ஜூனியர்

மேலூர் சார், அந்தக் கேஸ் என்ன ஆனது? விடுதலையா, தண்டனையா?

மேலூர் கடைக்காரன்

அதுகூடத் தெரியாது தம்பி. கையெழுத்துப் போட்டதோடு என்னை அனுப்பிவிட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்று எழுதியிருக்கிறார்கள், அந்தத் தாளை இப்போது பார்க்க வழி உண்டா?

தட்டச்சு அக்கா

பார்க்கலாம். நீங்கள் கேஸில் கட்சிக்காரர் இல்லை என்பதால் மூன்றாம் நபர் என்று காரணம் காட்டி நகல் மனு போட வேண்டும். கேஸ் நம்பர் இல்லையென்றால் ஸ்டேஷன் பெயரும் விபத்து நடந்த தேதியும் போதும், தேடி எடுத்துவிடலாம். பழைய கட்டு இன்னும் ரிக்கார்டு ரூமில் இருக்க வேண்டும், அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனியர் தம்பி மாவட்டக் கோர்ட்டில் தெரிந்த குமாஸ்தா யாரையாவது சொல்லிவிடுவார்.

நகல் கிடைத்தால் அந்த ஏழரைக்குப் பக்கத்தில் "சுமார்" இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.