போய்ன்டர் ஓவியத்தின் சக்கரங்கள் புதையாதா?

கேள்வி: தோட்டப் பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

எட்வர்ட் போய்ன்டர் 1867-இல் காட்சிக்கு வைத்த 'எகிப்தில் இஸ்ரவேல்' ஓவியத்தை மாணவர்களுக்குக் காட்டினேன். சிவப்புக் கல்லில் செதுக்கிய பெரிய சிங்கத்தைச் சக்கர வண்டியில் ஏற்றி அடிமைகள் கூட்டமாக இழுக்க, மேற்பார்வையாளர்கள் சாட்டையோடு நிற்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் மழையில் சிக்குவதைக் கண்டு வளர்ந்த ஒரு மாணவன், "இந்தப் பாரத்துக்குச் சக்கரம் புதையாதா சார்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுமொழி: பொறியாளர், ஈப்போ

மாணவன் சரியாகவே கேட்டிருக்கிறான், ஐயா. எகிப்தியருக்குத் தேர்ச் சக்கரம் தெரிந்திருந்தாலும், பெருங்கற்களைப் பெரும்பாலும் மரச் சறுக்கில் வைத்தே இழுத்தார்கள். எகிப்தின் தெய்ர் எல்-பெர்ஷாவில், ஏறத்தாழ கி.மு. 1900-ஐச் சேர்ந்த, ஜெஹூத்திஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறையின் சுவர் ஓவியத்தில் 172 பேர் நான்கு வரிசைகளாகச் சிலையை இழுக்கிறார்கள். சறுக்கின் முனையில் நிற்பவன் மண்ணில் நீர் ஊற்றுகிறான். இதைச் சடங்கென்று கருதியவர்களும் உண்டு. காய்ந்த மணல் சறுக்கின் முன்னே குவிந்து தடுக்கும் என்பதையும், அளவாக நனைத்தால் மணல் இறுகி, இழுக்கும் விசை பாதியாகக் குறையும் என்பதையும் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014-இல் சோதித்துக் காட்டினார்கள். நீர் மிகுந்தால் பயனில்லை.

போய்ன்டர் ஓவியத்தை வாங்கிய பொறியாளர் ஜான் ஹாக்‌ஷா, கல்லின் எடைக்கு இழுப்பவர்கள் போதாது என்று சொன்னதால், ஓவியர் இன்னும் சிலரைச் சேர்த்தாராம். என் தொழிலுக்கே உரிய நோய் அது!

மறுமொழி: ஓய்வுபெற்ற கிராணி, தெலுக் இந்தான்

தம்பி எடையைப் பார்த்தார். நான் ஆட்களைப் பார்க்கிறேன். அந்தச் சுவர் ஓவியத்தில் சிலையின் மடிமேல் நின்று ஒருவன் தாளத்துக்குக் கை தட்டுகிறான். எங்கள் ரப்பர் ஆலையில் இயந்திரத்தை நகர்த்தும்போது 'ஐலசா' சொல்ல ஒருவர் தனியாக நிற்பார். அவர் கயிற்றைத் தொடமாட்டார். இளைஞர்கள் மகிழ்ச்சியோடு இழுத்ததாக அங்கே எழுதியிருக்கிறது, ஆனால் அது கல்லறைக்கு உரியவரின் பெருமை பேசும் எழுத்து. நான் எழுதிய செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) வந்தவர், வராதவர், அரைநாள் ஆகியவற்றுக்குக் கட்டம் உண்டு. விரும்பி வந்தாரா என்பதற்குக் கட்டம் இல்லை. உழைத்தவரின் குரல் வேண்டுமானால், எகிப்திய அரசர் மூன்றாம் ராமசேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், படி தானியம் தாமதமானதால் அரச கல்லறைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு அமர்ந்ததைச் சொல்லும் பாப்பிரஸ் சுவடியைப் படியுங்கள். பசியும் தாகமுமே தங்களை அங்கே கொண்டு வந்தன என்று அவர்கள் முறையிட்டதை எழுத்தர் பதிந்திருக்கிறார்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நாளை தட்டில் மணல் பரப்பி, செங்கல்லைக் கட்டி மாணவர்களையே இழுக்கச் சொல்கிறேன். எவ்வளவு நீர் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லப்போவதில்லை.