தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுவர் நாவலில் எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: ஆசிரியை, ஏற்காடு

பத்து முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்று நாவல் எழுதி வருகிறேன். 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாது வருஷப் பஞ்சத்தின் நடுவே, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைக்குப் புறப்படும் குடும்பத்தின் கதை அது. பதினோரு வயது மகள்தான் கதையைச் சொல்கிறாள். ரயிலில் பாம்பன் பாலத்தைக் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடக்கையில், அவளுடைய கைக்குழந்தைத் தம்பி வாந்திபேதியில் இறந்துபோகிறான். பிறகு அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பழகுகிறாள். படித்துப் பார்த்த தோழி, தம்பியின் சாவை எடுத்துவிடும்படி சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

மறுமொழி 1: சிறுவர் நூலகப் பொறுப்பாளர், சேலம்

எடுக்க வேண்டாம். அந்த வழியில் நோயிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். எல்லோரும் நலமாகப் போய்ச் சேர்ந்ததாக எழுதினால் அந்தப் பயணமே பொய்யாகிவிடும். ஆனால் சாவை நேரில் விவரிக்க வேண்டியதும் இல்லை. மறுநாள் தங்குமிடத்தில், தம்பியைப் போட்டு ஆட்டிய தூளிச் சேலையை அம்மா உதறி மடித்து, அதிலேயே பித்தளைச் சொம்பையும் அரிசியையும் மூட்டையாகக் கட்டுகிறாள் என்றும், மகள் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு பின்னால் நடக்கிறாள் என்றும் எழுதிப் பாருங்கள். எங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தி, திரும்பவும் ஒருமுறை படிப்பதைக் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 2: வரலாற்று ஆசிரியர், சேலம்

தம்பியின் சாவு இருக்கட்டும், அம்மா. திருத்த வேண்டியவை வேறு. பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914இல்தான். 1877இல் அந்தக் குடும்பம் கடற்கரை வரை நடந்து, தோணியில்தான் மன்னாருக்குப் போயிருக்கும். அங்கிருந்து மாத்தளைக்கு 100 மைலுக்கும் மேல் நடை. மேலும், அப்போது இலங்கை மலைகளில் காப்பிதான் முதன்மை. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியைப் படிப்படியாக அழித்த பிறகே தேயிலை பரவலாயிற்று. ஆகவே, உங்கள் சிறுமி பறிக்க வேண்டியது கொழுந்தை அன்று, காப்பிப் பழத்தை. அதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் அறுவடைக் காலத்தில், பழத்தின் இனிப்புச் சாறு விரல்களில் ஒட்டிக் காய்வதையும், கிளையை வளைத்ததும் எறும்பு கை மேல் ஏறுவதையும் நாள்தோறும் பார்க்கிறீர்களே.

எனக்கு முக்கியமாகப் படுவது கடன். வழிச்செலவும் துணியும் பாத்திரமும் முன்பணமாகக் கணக்கில் ஏறி, தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன்பே குடும்பம் கடனாளியாகிவிடும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்னும் தாளை வைத்துத்தான் போக முடியும். புதிய தோட்டம் பழைய கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. அப்பா தலையாட்ட, மகள் மட்டும் விரல்விட்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஒரு காட்சி இருந்தால், ஏன் அவர்கள் ஊர் திரும்பவில்லை என்பது படிக்கும் பிள்ளைக்குத் தானாகவே விளங்கும்.

மறுமொழி 3: இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர், சேலம்

கதையை அங்கேயே முடித்துவிடாதீர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டார்கள். அண்ணன் அங்கும் தங்கை இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. என் அம்மா பன்னிரண்டு வயதில், திரும்பி வந்தோரைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்தவர். பள்ளியில் ரயிலைக் ‘கோச்சி’ என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்ததாம். அன்று முதல் அந்த ஆண்டு முடியும் வரை வகுப்பில் அவர் வாயே திறக்கவில்லை. உங்கள் சிறுமியின் கொள்ளுப்பேத்தி அப்படி ஒருத்தியாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பாலத்தை நீக்கித் தோணியை வைக்கிறேன். கொழுந்து, காப்பிப் பழமாகிறது. தம்பியின் சாவு இருக்கும், தூளிச் சேலையோடு. கொள்ளுப்பேத்திக்குக் கடைசியில் ஓர் அத்தியாயம் எழுதத் தொடங்கிவிட்டேன். உங்கள் அம்மா சம்மதித்தால், ‘கோச்சி’ என்ற சொல்லிலேயே அது தொடங்கும்.